பத்சேபாவின் தலை

"மறுபடியும் சுரண்டிட்டியா? உன் கையில என்னடா வியாதி?"

யூஜினி கேட்டது தன் குருவை.

குருவுக்கு முப்பதைத் தாண்டிக் கொஞ்சம். பெயர் லெயோன், அவனும் தமிழன்தான். சிஷ்யைக்கு ஐம்பது நெருங்குகிறது. காரைக்காலில் பிறந்து, பாரீஸுக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் பாதி ஆயுளைச் சமைத்துக் கொட்டியே கழித்தவள். அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனை, கோபம் இல்லாதபோது, தம்பி என்பாள். அதாவது எப்போதாவது.

பாரீஸின் அந்தப் பெரிய மியூசியத்தில் ஒரு வழக்கம் உண்டு. மகா ஓவியர்களின் படத்துக்கு எதிரிலேயே ஸ்டாண்டைப் போட்டு உட்கார்ந்து நகல் வரையலாம். அனுமதி வாங்க வேண்டும். நகல் அசலின் அளவில் இருக்கக் கூடாது, சின்னதாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். மற்றது உன் பாடு.

லெயோனுக்கு அதுதான் பிழைப்பு. அவனிடம் கற்க வந்தவள் யூஜினி.

எதிரே சுவரில், ரெம்பிராண்ட் வரைந்த பத்சேபா, பைபிள் கதைப் பெண். குளித்து முடித்து, உடுத்தாமல் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்காரக் கிழவி ஒருத்தி அவள் காலைத் துடைக்கிறாள். கையில் தாவீது ராஜா அனுப்பிய கடிதம். அவள் குளிப்பதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, 'வா' என்று ஆளனுப்பிய ராஜா. போகமாட்டேன் என்று சொல்ல முடியாது. போனால் புருஷன் உரியா சாவான்.

அவள் தலை குனிந்திருக்கிறது.

யூஜினியின் நகலில் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தது. தோள், கிழவி, கடிதம், எல்லாம். தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. நிமிர்ந்து, எதிரே நிற்பவனைக் கண்ணால் சுட்டுக்கொண்டிருந்தது.

இப்போது அந்த இடத்தில், லெயோன் கத்தியால் சுரண்டியது போக, ஒரு பழுப்புக் கறைதான்.

"அவ தலை அப்படி இல்லையே அக்கா."

"அது எனக்குத் தெரியாதா? என் கண்ணென்ன அவிஞ்சா போச்சு?"

"அப்புறம் ஏன்?"

"அவ ஏன் குனியணும்? எட்டிப் பார்த்தவன் அவன். ஆள் அனுப்பினவன் அவன். புருஷனைச் சண்டையில முன்வரிசையில நிறுத்திச் சாகடிச்சவன் அவன். கான்வென்ட்ல சிஸ்டர் என்ன சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா? மொட்டைமாடியில குளிச்சா இப்படித்தான் ஆகும்னு. மாடியில நின்னவன் ராஜா, சிஸ்டர், அவ இல்லன்னு பைபிளைத் திறந்து காட்டினேன். முட்டி போட வெச்சாங்க."

லெயோன் கத்தியில் ஒட்டியிருந்த வண்ணத்தைத் துடைத்தான்.

தாவீதின் மேல் யூஜினிக்கு இருந்த கோபம் பழையது. அது இத்தனை கொதிப்பது போன மாதத்திலிருந்துதான்.

அவள் மகள் நதாலி, கல்யாணம் ஆகாமல் பிள்ளை சுமக்கிறாள். சர்ச்சின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில், பாடகர் குழுவின் முதல் குரல் அவளுடையது. குழுவை நடத்தும் பெரிய மனிதர்கள் கூப்பிட்டுச் சொன்னார்கள். கொஞ்ச காலம் பின்வரிசையில உட்காரும்மா, பார்க்கிறவங்க பேசுவாங்க.

பிள்ளைக்குத் தகப்பன் ஜெரோம். அவன் அதே பூசையில், பீடத்துக்குப் பக்கத்தில், கீபோர்டு வாசிக்கிறான். கீபோர்டுக்கு வேறு ஆள் இல்லையாம்.

நதாலி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பூசைக்குப் போகிறாள், பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்காருகிறாள், திரும்பி வருகிறாள். யூஜினி பாத்திரங்களை உருட்டினாள். மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். நாலு பேரை நிமிர்ந்து பார்த்து, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேளேண்டி என்றாள். குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது.

"இந்தப் படம் என் பொண்ணு வீட்டுச் சுவருக்கு," என்றாள் யூஜினி. "குனிஞ்ச தலையோட அங்க ஒருத்தி ஏற்கெனவே இருக்கா. இன்னொருத்தியைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்றியா? படத்துல இருக்கிறவளைப் பார்த்தாவது அவ நிமிரணும்."

"அப்போ வேற படம் வரையுங்க. இது நகல்."

"பெரிய நகல்! உங்க மேதைகள் லட்சணம் எனக்குத் தெரியாதா? லியோனார்டோ எடுத்த வேலையைப் பாதியில போட்டுட்டுப் போவான், அவன் மகான். காரவாஜியோ ஒருத்தனைக் கொன்னுட்டு ஊரை விட்டே ஓடினான், அவன் வரைஞ்ச மாதா மரணம் இதே மியூசியத்துல ஜம்முனு தொங்குது. நான் ஒரே ஒரு தலையை நிமிர்த்தினா நீ கத்தியைத் தூக்குவே."

"அக்கா, மெதுவா. காவலாளி பார்க்கிறார்."

"பார்க்கட்டும். இவனும்தான்!" தூரிகையால் ரெம்பிராண்டைக் காட்டினாள். "அந்த ஹென்றிக்யே. இதுக்கு மாடலா உட்கார்ந்தவ அவதான்னு பல பேர் சொல்றாங்கன்னு நீதானே சொன்னே? கல்யாணம் பண்ணிக்காம வீட்டோட வெச்சிருந்தான். இதை வரைஞ்ச அதே வருஷம் சபைக்காரங்க அவளைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. வேசித்தனம்னு தீர்ப்பு. சர்ச்சுல நற்கருணை அப்பம் கிடையாது. வயித்துல பிள்ளையோட நின்னிருக்கா. இவனுக்கு என்ன தண்டனை?"

"ஒண்ணுமில்லை. அவர் அந்தச் சபையில உறுப்பினர் இல்லைன்னு..."

"ஆமாமா, கீபோர்டு வாசிச்சுக்கிட்டிருந்திருப்பான்!"

லெயோன் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது.

யூஜினி தூரிகையை டப்பாவில் வீசினாள். டர்பன்டைன் அவன் சட்டையில் தெறித்தது. ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"நான் போறேன். அந்தத் துணியை நீயே கிழிச்சுத் தரை துடைச்சுக்கோ."

"முதல்ல அவரும் நிமிர்த்தித்தான் வரைஞ்சார்," என்றான் லெயோன்.

முடிச்சில் கை நின்றது.

"என்னது?"

"எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்காங்க. அடியில இருக்கிற தலை இந்த அளவுக்குக் குனியல. நிமிர்ந்து இருந்திருக்கு. அப்புறம் அவரே மேல பூசிக் குனிய வெச்சிருக்கார்."

ஒரு கணம் யூஜினியின் முகம் ஜெயித்த முகமாக இருந்தது. அடுத்த கணம் முன்னைவிட மோசம்.

"கோழை! சபைக்காரனுக்குப் பயந்துட்டான். பின்ன ஏன் குனிய வெச்சான்? சொல்லு. குருன்னு உட்கார்ந்திருக்கியே, வாயைத் திறந்து சொல்லு!"

லெயோன் கத்தியைக் கீழே வைத்தான்.

அவளுடைய முக்காலியை எடுத்தான். படத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டான்.

"உட்காருங்க."

"எதுக்கு?"

"அவ உட்கார்ந்திருக்கிற மாதிரி. கொஞ்சம் பக்கவாட்டில. கை மடியில இருக்கட்டும்."

"கிறுக்கனா நீ?"

"தலை மட்டும் உங்க இஷ்டம். எவ்வளவு நிமிர்த்தணுமோ நிமிர்த்துங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காக உட்கார்ந்தாள். தாடையை உயர்த்தினாள். இப்படித்தாண்டா, பார்த்துக்கோ, என்பது போல.

காலை முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது கூட்டம். இப்போது முகத்துக்கு நேரே இருந்தது.

கொடியைத் தூக்கிப் பிடித்த ஒரு வழிகாட்டி. அவர் பின்னால் ஒரு மந்தை. எல்லோர் கையிலும் போன். படத்தைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். மறுபடி படம், மறுபடி அவள். இரண்டு பெண்கள் ஏதோ பேசி வாயைப் பொத்திக்கொண்டார்கள். தொப்பி போட்ட ஒருவர் அவள் கழுத்திலிருந்து இடுப்பு வரை நிதானமாக இறங்கி, நிதானமாக ஏறினார்.

யூஜினி முறைத்தாள்.

முறைப்பு போன் படங்களில் நன்றாக விழுந்திருக்க வேண்டும். இன்னும் நாலு பேர் வந்து எடுத்தார்கள்.

அவள் இன்னும் கடுமையாக முறைத்தாள். ஒருவன் குனிந்து உட்கார்ந்து, கீழிருந்து எடுத்தான். வழிகாட்டி ஏதோ சொன்னார். மந்தை சிரித்தது.

அவள் கோபம் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அதையும் போனில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் இடத்தில் புதிதாக ஆட்கள் வந்தார்கள்.

எப்போது குனிந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் சிவப்பு வண்ணம் காய்ந்திருந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் முன்னால் வந்தார். கேமராவை இறக்கிக்கொண்டு, தன் தாடைக்கடியில் ஒரு விரலை வைத்து மேலே தூக்கிக் காட்டினார். நிமிருங்கள், நிமிர்ந்தால் அழகாயிருக்கும். கெட்ட எண்ணம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. நல்லதுக்குத்தான் சொன்னார்.

யூஜினி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு மறுபடி தன் கையைப் பார்த்தாள்.

"அக்கா, நிமிரச் சொல்றார்," என்றான் லெயோன்.

"சொல்லட்டும்."

"இவ்வளவு நேரம் நீங்களும் அதைத்தானே கேட்டீங்க?"

அவள் குரல் தாழ்ந்திருந்தது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

"மாட்டேன் போடா. இதுங்களுக்கு எதுக்கு என் மூஞ்சி?"