கரட்டூர் ராஜாவின் பாதிக் கதைகள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே இறங்கிவிடுகிற ஒரு வறண்ட தேசத்தை விசயதரன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அவன் தலைநகரம் கரட்டூர். சுற்றிலும் பாறை. பொழுது சாய்ந்தால் ஆட்டு மணிச் சத்தமும் அடங்கி, ஊரே காது அடைத்த மாதிரி ஆகிவிடும். அந்த அமைதிக்குப் பயந்தோ என்னவோ, கதை கேட்கும்போது கரட்டூர்க்காரர்கள் ஓயாமல் ‘உம்’ கொட்டுவார்கள். சொல்கிறவர் ஒரு வரி சொன்னால் கேட்கிறவர் ஒரு ‘உம்’ சொல்ல வேண்டும். ‘உம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். கதை பிடிக்கவில்லை, எழுந்து போ என்று அதற்கு அர்த்தம்.

ராஜா சங்குத்துறை என்ற கடற்கரைப் பட்டணத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தான். அவள் பெயர் தரளம்மை. ராஜாவுக்குக் கதை சொல்வதில் கொள்ளை ஆசை. சாயங்காலமானால் ராணியின் எதிரே உட்கார்ந்து ஆரம்பிப்பான். அவள் வாயே திறக்கமாட்டாள். கொஞ்ச தூரம் போனதும் ராஜாவுக்கு முகம் சுருங்கும், எழுந்து போய்விடுவான். மறுநாள் வேறு கதை. அதுவும் பாதியில் நிற்கும். புதிதாக வந்த பெண்ணுக்கு ஊர் வழக்கத்தை யாராவது சொல்லித் தர வேண்டாமா? மாளிகை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

அவைப்புலவர் கூத்தரசரும் ஒருநாள் ராணிக்குக் கதை சொல்லப் போய், ‘உம்’ கிடைக்காமல் திரும்பியவர்தான். அந்த ஆத்திரம் அவருக்கு ஆறவில்லை. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அமைச்சர் செங்கோடர் என்பதால் அவர்மேலும் புகைச்சல்.

“கடல் பார்த்த பெண்ணுக்கு நம் ஊரும் இளப்பம், நீங்களும் இளப்பம் மகாராஜா,” என்று ஓதினார். “பல்லக்கு ஏற்றி அப்பன் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். பெண் பார்த்து வந்தவரும் கூடவே போகட்டும்.”

ராஜா காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுகிற ஆள். ஆனால் இந்த ஒன்றை மாற்றவில்லை. வாசலில் பல்லக்கை வைக்கச் சொன்னான். ராணிக்குத் தன்மேல் கொஞ்சமாவது பிரியம் இருக்கிறது என்று நாளைக்குச் சபையில் காட்டாவிட்டால், அவள் பல்லக்கில் போவாள், நீர் பின்னால் நடந்து போவீர் என்று செங்கோடரிடம் சொல்லிவிட்டான்.

செங்கோடர் ராணியைப் பார்க்கப் போனார். அவள் சன்னலோரம் உட்கார்ந்து பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாவின் கதைகள் எப்படி அம்மா இருக்கின்றன என்று மெதுவாகக் கேட்டார்.

“ஒன்றையாவது முடித்தால்தானே சொல்ல முடியும்?” என்றாள் ராணி. “நல்ல இடம் வரும்போது எழுந்து போய்விடுகிறார். என் முகம் பிடிக்கவில்லையோ என்னவோ.”

‘உம்’ ஏன் கொட்டுவதில்லை என்று கேட்டார். அவள் திகைத்துப்போனாள். சங்குத்துறையில் கதை சொல்வது கடலைப் பார்த்து உட்கார்ந்துதான். சொல்கிறவர் நிறுத்துகிற இடத்தில் அலை வந்து பதில் சொல்லும். அதற்கு மேல் மனுஷர் குரல் கொடுத்தால் கதையைக் கெடுக்கிற பிள்ளை என்று அதட்டுவார்கள்.

இதை அப்படியே சொன்னால் ராஜா நம்பமாட்டான், சாக்கு என்பான். செங்கோடர் யோசித்தார்.

மறுநாள் சபையில், திரைக்குப் பின்னால் ராணி உட்கார்ந்திருந்தாள். புலவர் ஒரு கதை சொல்லட்டும், யாரும் ‘உம்’ கொட்டக் கூடாது, இது ஒன்றுதான் என் வேண்டுகோள் என்றார் செங்கோடர்.

“என் கதையைக் கல்லும் உட்கார்ந்து கேட்கும். உம் எதற்கு எனக்கு?” என்று புலவர் மார்பை நிமிர்த்தினார்.

ஒரு நரி காட்டுக்குள் போனது என்றார். சத்தமில்லை. போய்க்கொண்டே இருந்தது என்றார். சத்தமில்லை. “போனது... அந்த நரி... போனதா?” அவருக்கு வியர்த்தது. ராஜாவே வாய் திறக்கப் போனான், செங்கோடர் கையமர்த்தினார். கடைசியில் நரியைக் காட்டில் விட்டுவிட்டுப் புலவர் உட்கார்ந்துவிட்டார். வேண்டுமென்றே எல்லாரும் சேர்ந்து அவமதிக்கிறீர்கள் என்று கத்தினார்.

“யாராவது எழுந்து போனார்களா புலவரே? நரி எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்,” என்றார் செங்கோடர். “மகாராஜா, உங்கள் கதைகள் எங்கே நிற்கின்றன என்று ராணியைக் கேளுங்கள்.”

அலை பேசுகிற ஊர் வழக்கத்தையும் அப்போதுதான் சொன்னார். ராஜா திரையை விலக்கச் சொன்னான்.

தரளம்மை தலைகுனிந்துகொண்டே சொன்னாள். திருடன் கூரைமேல் ஏறி ஓட்டைப் பிரித்தபோது நீங்கள் எழுந்துவிட்டீர்கள். பிறகு ஆட்கள் வருவார்களே என்று பயந்து, நான் அவனை ஒரு தோணியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். வண்ணாத்தியின் மகள் சந்தையில் வழிதவறி நின்றாள். அவளைக் கலங்கரை விளக்கு தெரிகிற இடம்வரை கொண்டுபோய் விட்டேன். ஒவ்வொரு கதைக்கும் ராணி இப்படி ஒரு முடிவு செய்துவைத்திருந்தாள். எல்லாவற்றிலும் கடைசியில் கடல் வந்தது.

“நீங்கள் சொன்ன அந்தக் கழுதையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை,” என்றாள். “வறண்ட ஏரி நடுவில் தரையில் காதை வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது.”

ராஜா அவள் பக்கம் திரும்பினான். “அப்புறம் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டு, நீங்கள் மறுநாள் வராமல் போய்விட்டால்?”

ராஜா எழுந்து, தன் கழுத்து மாலையைச் செங்கோடருக்குப் போட்டான். வாசலில் காத்திருந்த பல்லக்கில் புலவரை ஏறச் சொன்னான். சங்குத்துறைக்குப் போய்க் கதை சொல்லிப் பழகிக்கொண்டு வாரும், அங்கே யாரும் ‘உம்’ கொட்டவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர் என்று அனுப்பிவைத்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் ராஜா முதல் தடவையாக ஒரு கதையை முடித்தான். கழுதைக்குத் தரைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அது நின்ற இடத்தில் சனங்கள் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் பொங்கியது, எல்லாரும் குடித்தார்கள், கிணற்றைச் சுற்றி ஊர் எழும்பியது. அவ்வளவுதான் என்றான்.

தரளம்மை எழுந்திருக்கவில்லை.

“அந்தக் கழுதை?” என்று கேட்டாள்.

கரட்டூரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை அது. தண்ணீர் வந்ததும் முடிந்துவிடும். கழுதை என்ன ஆனது, அதற்குக் குடிக்கக் கொடுத்தார்களா, யார் கூட்டிப் போனார்கள் என்று அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. ராஜாவுக்கும் தெரியவில்லை. அவன் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தான்.