தென்காசிக்குக் கேட்கும் ஹாரன்

திருச்சி அரிசி ஆலை முதலாளி சிங்காரவேலுவுக்கு, தன் பிக்கப் வண்டியில் பெரிய டயரும் குரோம் பம்பரும் மாட்டியும் மனம் நிறையவில்லை. "இங்கே ஹாரன் அடிச்சா தென்காசியில என் சம்பந்தி திடுக்கிடணும். அப்படியொண்ணு மாட்டுடா!" என்று டிரைவர் இசக்கியப்பனிடம் உறுமினார்.

இசக்கியப்பனின் மனைவிக்குத் தென்காசியில்தான் குழந்தை பிறந்திருந்தது. லீவு கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், மகளைப் போட்டோவில் மட்டும் பார்த்து ஏங்கிக் கிடந்தான்.

முதலாளியோடு உதிரிபாகக் கடைக்குப் போய், அங்கிருந்ததிலேயே பெரிய ஹாரனை வாங்கி மாட்டினான். "கேக்குதான்னு தென்காசியில ஒரு ஆள் நின்னு பாக்கணுமே முதலாளி?"

கடைக்காரர்கள் முன்னால், கேட்காது என்று ஒப்புக்கொள்ள முதலாளிக்கு மனமில்லை. "நீயே போ!"

மறுநாள் போனில் கத்தினார். "அடிக்கிறேன், கேக்குதா?"

வீறிட்டழுத மகளை இசக்கியப்பன் மார்போடு சேர்த்துக்கொண்டான்.

"இவ சத்தத்துல ஒண்ணும் கேக்கலை முதலாளி. நாலு நாள் இருந்து கேட்டுப் பாக்கறேன்."