ஹாலுக்குப் போன அறிக்கை

மனு வாங்கும் நாளில் தாசில்தார் ஏகாம்பரநாதனின் அறையில் பிரின்டர் அசையவே இல்லை. கணினியில் பிரின்ட் பொத்தானை முப்பது தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, அலுவலக உதவியாளர் பூங்காவனத்தைக் கூப்பிட்டார்.

"பத்து நிமிஷத்துல கலெக்டருக்கு அறிக்கை போகணும். பேப்பர் வரலேன்னா உன்னை மலைக்கு மாத்திடுவேன்."

பூங்காவனம் திரையைப் பார்த்தாள். "பிரின்டர் நல்லாத்தான் இருக்குங்க ஐயா. நீங்க மனு வாங்குற ஹால் பிரின்டருக்கு அனுப்பியிருக்கீங்க. முப்பதும் அங்க வந்துடுச்சு."

"போய் எடுத்துட்டு வா!"

"அது ஒப்புகைச் சீட்டு வர்ற பிரின்டருங்க. மனு கொடுத்தவங்க ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டாங்க."

தாசில்தார் நாற்காலியை விட்டு எழுந்தார். அன்று வந்த மனுக்கள் அத்தனையும் தீர்க்கப்பட்டுவிட்டதாக அறிக்கையில் எழுதியிருந்தார்.

"இப்ப என்ன பண்றது?"

"சீல் வெக்கச் சொல்லி முப்பது பேரும் வெளியில நிக்கிறாங்க ஐயா. சாயங்காலத்துக்குள்ள மனுவைத் தீர்த்துட்டா, நீங்க எழுதினது பொய்யாகாது."