எலுமிச்சம்பழம் நசுங்காத வண்டி

ஆவாரங்குளம் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். சுடலைமணி, இசக்கி, மாடசாமி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை. அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் தினமும் தகராறு. நம்பாதவர்கள் அந்தப் பெஞ்சையே கேட்டுக்கொள்ளலாம். மூன்று வருஷமாக அவர்களைச் சுமக்கிறது.

இயற்பியல் வாத்தியார் தேவசகாயம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹோவர்கிராஃப்ட் செய்யுங்கலே. வட்டப் பலகை, அடியில தார்ப்பாய், மேல ஒரு நாற்காலி. ப்ளோயரால காத்தடிச்சா, வண்டிக்கு அடியில காத்து மெத்தை மாதிரி நிக்கும். வண்டி தரையைத் தொடாம மிதக்கும். வெளியூர்த் தேர்வாளர் கண்ணு முன்னால மிதந்தா பாஸ். இல்லைன்னா மறுபடி இதே பெஞ்சு."

மறுநாளே இசக்கி தன் அக்காளின் கல்யாண மெத்தையைத் தூக்கிவந்து பலகைக்கு அடியில் செருகினான். "அசலே வீட்டுல இருக்கும்போது மாதிரி எதுக்கு சார்?"

மெத்தை வீடு திரும்பியது. அக்காள் புருஷன் அதை நாள் முழுக்க வெயிலில் போட்டுத் தட்டினார்.

அடுத்து, காற்று வெளியேறத் தார்ப்பாயில் ஆறு ஓட்டை போடச் சொன்னார் வாத்தியார். போட்டார்கள். மாடசாமி பஞ்சர் கடைக்காரர் மகன். ஓட்டையைப் பார்த்தால் அவனுக்குக் கை நிற்காது. ஆறையும் ஒட்டி, தண்ணீரில் முக்கி, குமிழி வரவில்லை என்று உறுதியும் செய்துவிட்டான். வாத்தியாரே உட்கார்ந்து பிய்த்தார்.

தேர்வன்று காலை ப்ளோயரைப் போட்டதும் வண்டி சுடலைமணியோடு ஜம்மென்று எழும்பியது. தேவசகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேர்வாளரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அங்கேதான் மனுஷன் தப்புப் பண்ணினார்.

"புது வண்டிலே," என்றான் சுடலைமணி. "பூசை போடாம எடுக்கலாமா?"

"சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கணும்," என்றான் இசக்கி.

"சக்கரம் எங்கலே இருக்கு?"

"அப்ப நாலு மூலையில வை."

"வட்டப் பலகைக்கு மூலை ஏதுலே?" என்றான் மாடசாமி. அன்று மூளை அவனிடம் இருந்தது.

கால்மணி நேரம் ஆலோசித்து, நாலு பழத்தில் ஒன்றை மட்டும் முன்னால் வைத்து வண்டியைத் தள்ளினார்கள். வண்டி பழத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பழம் பளபளவென்று அப்படியே கிடந்தது.

மூவர் முகமும் வெளுத்தது.

"பழம் நசுங்கலைன்னா வண்டி விளங்காதுலே."

"வண்டியிலதான் கோளாறு. தரையைத் தொடவே மாட்டேங்குது பாரு."

சத்துணவுக் கூடத்து ஆட்டுக்கல்லைத் தூக்கிவந்து பலகையில் ஏற்றினார்கள். வண்டி உட்கார்ந்தது. பழம் பிதுங்கியது. சூடம் காட்டிக் கும்பிட்டார்கள்.

தேர்வாளர் வந்தார். ப்ளோயர் தொண்டை கிழியக் கத்தியது. வண்டி அசையவில்லை.

"இது மிதக்குமா?" என்று கேட்டார்.

"காலையில மிதந்துச்சு சார்," என்றான் மாடசாமி பெருமையாக. "நாங்கதான் சரி பண்ணிட்டோம்."

தேவசகாயம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டுக்கல்லை உருட்டித் தள்ளினார். வண்டி எழும்பிற்று. சுடலைமணியைச் சுமந்துகொண்டு அன்னம் மாதிரி நகர்ந்தது. தேர்வாளர் புருவம் உயர்த்தி, பேனாவைத் திறந்து, மார்க் தாளில் முனையை வைத்தார்.

இசக்கிக்குச் சந்தேகம். மிச்சமிருந்த பழங்களில் ஒன்றை எடுத்து வண்டிக்கு முன்னால் உருட்டினான். நசுங்கவில்லை.

"மறுபடி கெட்டுப்போச்சுலே, ஓடி வா."

இருவரும் ஆட்டுக்கல்லோடு வண்டியில் விழுந்தார்கள். தார்ப்பாய் படாரென்று கிழிந்தது. பழம் சப்பென்று நசுங்கியது. தேர்வாளர் எழுதாமலே பேனாவை மூடினார்.

சுடலைமணி தரையில் கிடந்தபடியே கிசுகிசுத்தான்: "பாத்தியளாலே, பழம் நசுங்கின பிறகு சாருக்குக் குறைன்னு எழுத ஒண்ணுமே இல்ல."