டப்பாவின் அடியில்

பேருந்தின் முன் இருக்கையில் இரண்டு பள்ளி ஆசிரியைகள்.

“மறுபடி அப்டேட் வந்துச்சு. தேன்சிட்டு போயிருச்சு.”

“எத்தனாவது தடவை?”

“மூணாவது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக கம்ப்யூட்டருக்கு வச்ச பேரு. படமும் அதுகளே வரைஞ்சது. இப்ப பழையபடி ‘வைகறை’ன்னு நிக்குது. வேற சிஸ்டத்துக்கு மாறிடலாங்கிறாங்க ஹெச்.எம்.”

பின் இருக்கையில் இருந்த தவசிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிகளுக்காக நான்கு வருடம் உழைத்து வைகறை என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர் அவர்.

இறங்கி நேராக மெஹருன்னிசாவிடம் போய், பேருந்தில் கேட்டதைச் சொன்னார். தவசிலிங்கத்துக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர். வயதில் பதினேழு வருடம் இளையவர்.

“டீச்சர், பேரையும் படத்தையும் யாரும் மாத்த முடியாதபடி பூட்டிடட்டுமா?”

“எதுக்குண்ணே?”

“மாத்துறதாலதானே அப்டேட்ல அழியுது? மாத்தவே முடியலன்னா யாருக்கும் வருத்தமில்ல.”

மெஹருன்னிசா அப்போதுதான் சாப்பிட்டு முடித்து, சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்திருந்தார்.

“அதை எடுங்க. என்ன பேரு இருக்கு?”

“மூடியில ‘ஜைத்தூன்’னு வெட்டியிருக்கு. உங்கம்மா பேரு.”

“செஞ்ச கம்பெனி பேரு?”

தவசிலிங்கம் டப்பாவைத் தலைகீழாகத் திருப்பினார். மிச்சமிருந்த தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது.

“இந்தா, அடியில முத்திரை இருக்கு.”

“ம்.”

தவசிலிங்கம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“வைகறைங்கிற பேரை எந்த ஃபோல்டர்ல வச்சீங்க?”

“ஈடிசியில.”

“அது யார் எழுதுற இடம்?”

“கம்ப்யூட்டரை வச்சு நடத்துறவங்க.” குரல் இறங்கியது. “முதல் நாளே சொல்லிக்கொடுத்தீங்க.”

“செஞ்சவங்க இடம்?”

“யூஎஸ்ஆர்.”

“அப்புறம் ஏண்ணே?”

“எல்லா புரோகிராமும் முதல்ல ஈடிசியிலதான் பேரைத் தேடுது. நான் வச்ச பேரு அங்க இருக்கணும்னு…”

கையிலிருந்த டப்பாவின் அடியைப் பார்த்தார்.

“டப்பாவைக் கவுத்து வைங்க. ஈரம் காயட்டும்.”

கவிழ்த்து வைத்தார்.

தவசிலிங்கம் லேப்டாப்பைத் திறந்தார். தான் வைத்த பெயரையும் படத்தையும் யூஎஸ்ஆருக்குள் கொண்டுபோய் வைத்தார். ஈடிசியில், அந்த இடத்தைக் காட்டும் ஒரு சுட்டியை மட்டும் விட்டார். அப்டேட்டில் ஒரு வரி சேர்த்தார்: ‘இங்கே வேறு யாராவது எழுதியிருந்தால், தொடாதே.’

“டீச்சர், சரியா?”

“என்னைக் கேட்டா? அந்தப் பிள்ளைகளைக் கேளுங்க.”

மறுநாள் விசாரித்து அந்தப் பள்ளிக்குப் போனார். தேன்சிட்டுப் படத்தைக் கேட்டு வாங்கி, பெயரோடு மறுபடி அவர்கள் கம்ப்யூட்டரின் ஈடிசியில் வைத்தார். ஏழாம் வகுப்பு முழுவதும் சுற்றி நின்று பார்க்க, அப்டேட் பொத்தானைத் தானே அழுத்தினார்.