வேலை இல்லாத கம்பி

கல்வராயன் மலையில் பேருந்து திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே அரை மைல் நடந்தால் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கட்டடம் ஒன்று, சமையல் கொட்டகை ஒன்று, குளியலறை ஒன்று, ஆறு பேர்.

அந்த ஆறு பேரில் ஒருவர் கோதண்டம். சர்க்கரை ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. மடத்துக் குருவுக்கு நாற்பத்தெட்டுதான். அதனால் குரு அவரை ‘நீங்க’ என்பார், அவர் குருவைச் ‘சாமி’ என்பார். அதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

தனக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் இல்லை என்பது கோதண்டத்தின் எண்ணம். மடத்து மிக்ஸி நின்றுபோனால் அவர்தான் பிரிப்பார். திரும்ப மூடும்போது நான்கு திருகாணி மிச்சம் இருக்கும், ஆனாலும் மிக்ஸி ஓடும். “கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டுட்டான்” என்று அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். அந்த டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் அவர் குருவிடம் கேட்டார்.

“சாமி, நான் வந்து மூணு வருஷம் ஆச்சு. ஒண்ணுமே நடக்கலையே.”

“என்ன நடக்கணும்?”

“ஒரு ஒளி தெரியணும். உடம்புல ஒரு அதிர்வு வரணும். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

குரு சொன்னார்: “தை முதல் வெள்ளி, காலையில தலைக்குக் குளிச்சிட்டு வர்றேன். உங்களுக்கு உபதேசம்.”

மூன்று வருடம் காத்திருந்த மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடவே ஒரு கவலையும் வந்தது. குருவுக்கு இழுப்பு உண்டு. தை மாதத்து மலைத் தண்ணீரில் தலைக்குக் குளித்தால் மார்பு கட்டிக்கொள்ளும். வெந்நீர் போட்டுத் தூக்கி வரலாம் என்றால், தன் குளியலுக்கு இன்னொருவர் சுமக்கக் கூடாது என்பார்.

கோதண்டம் மலையிறங்கிப் போய், குழாயில் மாட்டினால் ஷவரில் சுடச்சுடக் கொட்டுகிற மின்சார ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். பெட்டிக்குள் இருந்த தாளின் முதல் வரி, வயரிங் தெரிந்தவரைக் கொண்டு மாட்டச் சொன்னது. அது தெரியாதவர்களுக்கு எழுதியது என்று அவர் இரண்டாவது வரிக்குப் போனார். பலாமரத்தடியில் நின்று போனில் ஒரு வீடியோ பார்த்தார். பாதியில் சிக்னல் போய்விட்டது. மீதி பாதியை அவரே யூகித்துக்கொண்டார்.

வியாழன் சாயங்காலத்துக்குள் மாட்டியாயிற்று. குளியலறை விளக்குக்கு வந்த வயரிலிருந்தே இழுத்தார். தண்ணீரை பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, ஸ்விட்சை அணைத்துவிட்டு விரலை விட்டுப் பார்த்தார். சுட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையால் குருவுக்கு ஒரு சுகம் செய்து கொடுத்த சந்தோஷம் அது.

வெள்ளி விடிந்தது. குரு துண்டோடு வந்தார். மடத்தில் எல்லோரும் வெறுங்கால்தான், செருப்பெல்லாம் வாசல் படலுக்கு வெளியே கிடக்கும். கோதண்டம் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டு, கைகட்டி நின்றார்.

குளியலறை வாசலில் குருவின் காலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து எடுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு பச்சை வயர்த் துண்டு.

“இது என்ன?”

“அது வெட்டிப் போட்டது சாமி. ஹீட்டர்ல மூணு கம்பி வந்துச்சு. கரண்ட் போறதுக்கு ஒண்ணு, திரும்பி வர்றதுக்கு ஒண்ணு. இந்தப் பச்சைக்கு வேலை இல்லை.”

“வேலை இல்லேன்னு யார் சொன்னாங்க?”

“அது இல்லாமலே தண்ணி சுடுதே சாமி.”

குரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேலை இல்லாததை எதுக்குக் குடுத்தான்?”

கோதண்டம் தன் திருகாணி டப்பாவை நினைத்துக்கொண்டார். “கூடுதலா இருக்கட்டும்னு.”

“எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க.”

“சாமி, நேரம் தப்பிடும். இன்னிக்கு உபதேசம்...”

“ஸ்விட்சை அணைச்சிட்டுக் கூப்பிடுங்க.”

இதை குரு சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கோதண்டத்துக்கு முகம் தொங்கிப்போயிற்று. மூன்று வருடம் காத்திருந்த நேரம், ஒரு விரல் நீளக் கம்பியால் கைநழுவிப் போகிறதே என்று மனம் புழுங்கியது.

எட்டு மணிக்கு, கீழே ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ஜெசிந்தா ஸ்கூட்டியில் வந்தாள். லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன். முப்பது வயது இருக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக உள்ளே வந்தவளைக் கோதண்டம் படலருகே மறித்தார்.

“ஏம்மா, செருப்பைக் கழட்டிட்டு வாம்மா. இது மடம்.”

“செருப்பைக் கழட்டுனா நான் கை வைக்க மாட்டேங்கய்யா. ஈரத் தரை.”

“மூணு வருஷமா யாரும் செருப்போட...”

“போட்டுக்கிட்டே வாம்மா” என்று குரு உள்ளிருந்து சொன்னார்.

கோதண்டத்துக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அவள் விளக்கிலிருந்து வந்த வயரைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “விளக்குக்குப் போட்ட வயரு. இவ்வளவு பெரிய ஹீட்டரைத் தாங்காது. கொஞ்ச நாள்ல சுவத்துக்குள்ளயே கருகியிருக்கும்.” பிறகு ஹீட்டரின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “எர்த்து எங்கேங்கய்யா?”

குரு உள்ளங்கையை விரித்துப் பச்சைத் துண்டைக் காட்டினார்.

அவள் கொட்டகையிலிருந்து காய்ந்த மரப்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். “எல்லாரும் தள்ளி நில்லுங்க. யாரும் தண்ணியையோ குழாயையோ தொடாதீங்க.” குழாயைத் திறந்தாள். கோதண்டத்தை வாசலுக்கு வெளியே இருந்த ஸ்விட்சைப் போடச் சொன்னாள்.

தண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் ஆவி எழுந்தது. சன்னல் வழியே வந்த காலை வெயில் அந்த ஆவியில் பட்டு, அறை முழுக்கக் கோயில் கர்ப்பக்கிரகம் போல இருந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அவள் கரண்ட் பார்க்கிற டெஸ்டரின் நுனியை ஷவரின் இரும்புக் கழுத்தில் வைத்தாள்.

டெஸ்டருக்குள் கடுகளவு ஒரு விளக்கு எரிந்தது.

தண்ணீர் அதே மாதிரி, அதே சத்தத்தோடு கொட்டிக்கொண்டிருந்தது. அதில் வாசனை இல்லை, நிறம் இல்லை. இறங்கி நனைந்துகொள் என்று கூப்பிடுகிற இளஞ்சூட்டு நீர். அதற்குள் இருந்ததை அந்தச் சின்ன விளக்கு மட்டும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. கோதண்டத்துக்கு மயிர்க்கால்கள் சிலிர்த்தன. ஒரு ஒளி தெரிய வேண்டும் என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

“உள்ளே காயில்ல கரண்ட் கசியுது” என்றாள் ஜெசிந்தா. “புதுசுலயும் சிலதுல வரும். பச்சைக் கம்பி இருந்தா கசியுறது அது வழியா மண்ணுக்குப் போயிரும்.”

“அது இல்லேன்னா?” குரு கேட்டார்.

“குளிக்கிறவங்க உடம்பு வழியாப் போகும் சாமி. வெறுங்கால், ஈரத் தரை. அந்தக் கம்பி பார்க்கிற வேலையை ஆளு பார்ப்பாங்க. ஒரே ஒரு தடவை.”

ஸ்விட்சை அணைக்கச் சொன்னாள். கடுகு விளக்கு அணைந்தது. குரு கைகூப்பினார். அவளைக் கும்பிட்டாரா, தண்ணீரைக் கும்பிட்டாரா, அந்த விளக்கையா என்று கோதண்டத்துக்குத் தெரியவில்லை. அவரும் கும்பிட்டார். பச்சைத் துண்டு மட்டும் வாசலில் கிடக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் இங்கே என்ன கிடந்திருக்கும் என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்க முடியாமல் சுவரோடு உட்கார்ந்துவிட்டார்.

ஜெசிந்தா ஹீட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். கட்டடத்தைச் சுற்றி வந்து எதையோ தேடினாள். பின்பக்கம் கோதண்டம் அடுக்கியிருந்த விறகுக் கட்டைகளைத் தள்ளினாள். அடியில் ஒரு சிமெண்ட் மூடி இருந்தது.

“பச்சைக் கம்பி வந்து சேருற எர்த்துக் குழி இங்கே இருக்கு. மேல விறகை அடுக்கிட்டீங்களே” என்றாள். மூடியைத் தூக்கிக் கையை விட்டு மண்ணை எடுத்தாள். மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. “பாறை நிலம், ஈரம் நிக்காது. கரியும் உப்பும் போட்டுத் தர்றேன். தினம் ஒரு குடம் தண்ணி ஊத்தணும். காஞ்சு போச்சுன்னா பச்சைக் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான்.”

அடுத்த வெள்ளி அவள் வேறு ஹீட்டரோடு வந்தாள். தடித்த வயரைத் தனியாக இழுத்தாள். கசிவு வந்தால் தானாக விழுகிற ஸ்விட்ச் ஒன்றையும் பொருத்தினாள். மூன்று கம்பியையும் மாட்டினாள். மறுபடி டெஸ்டரை வைத்தாள். விளக்கு எரியவில்லை. “இப்பக் குளிக்கலாம் சாமி” என்று சொல்லிவிட்டுச் செருப்புச் சத்தத்தோடு போனாள். கோதண்டம் படல் வரைக்கும் கூடவே போய் வழியனுப்பினார்.

குரு குளிக்கப் போனார். வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டார் கோதண்டம். தண்ணீரின் சத்தத்தை அவர் வாழ்நாளில் அப்படிக் கேட்டதில்லை. சத்தம் கொஞ்சம் மாறினாலும் மூச்சு நின்றது. உள்ளே குரு ஒருதரம் செருமினார். அந்தச் செருமலைக் கேட்டதும் கண்ணில் நீர் வழிந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

ஈரத் தலையோடு குரு வெளியே வந்தார். கோதண்டம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“எனக்கு உபதேசம் வாங்கத் தகுதி இல்லை சாமி.”

“எழுந்திரிங்க.”

குரு சமையல் கொட்டகைக்குப் போய், ஒரு குடத்தை எடுத்துத் தண்ணீர் நிரப்பி வந்து அவர் கையில் கொடுத்தார்.

“குழிக்கு ஊத்துங்க.”

கோதண்டம் பின்பக்கம் போனார். மூடியைத் திறந்து மெல்ல ஊற்றினார். மண் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் ஆகவில்லை. வெற்றுக் குடத்தோடு திரும்பி வந்தார்.

“உபதேசம் சாமி?”

“அதுதான். தினம் ஒரு குடம்.”

அவர் குடத்தைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

“எத்தனை நாளைக்கு சாமி?”

“ஒண்ணுமே நடக்காம இருக்கிற வரைக்கும்.”