வைத்தியர் கையில் குலுங்கிய வளையல்

முன்னொரு காலத்துல நெல்லாறு நாட்டை அதிவீரசிங்கம்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. காலையில ஒரு உத்தரவு போடுவாரு, சாயங்காலம் அதை மாத்திடுவாரு. ஜனங்க நடுவுல கிடைச்ச மத்தியானத்துல பிழைச்சுக்கிட்டாங்க.

அவருக்கு கார்மேகம்னு ஒரு மந்திரி. ராஜா ஏதாவது கத்தினா, காதுல விழாத மாதிரி ரெண்டாம் தடவை சொல்ல வைப்பாரு. திரும்பச் சொல்றப்போ ராஜாவுக்கே அது கொஞ்சம் அசட்டுத்தனமாத் தெரியும். பாதி ராஜ்ஜியம் இந்த ஒரு தந்திரத்துலதான் ஓடுச்சு.

கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு ராணி பூங்காவனம் முழுகாம இருந்தாங்க. வயசு முப்பத்தஞ்சைத் தாண்டி, காதோரம் நரை. அரண்மனையே பாயசம் குடிச்சிட்டிருந்தப்போ, ஆஸ்தான வைத்தியர் திருமேனிநாதர் ராஜா காதுகிட்ட குனிஞ்சாரு. எதையும் சபையில சொல்ல மாட்டாரு, காதுல ஊதித்தான் அவருக்குப் பழக்கம்.

"மகாராஜா, முப்பத்தஞ்சு தாண்டின வயித்துல பொண்ணுதான் தங்கும். உடம்புச் சூடு குறைஞ்சுடும் பாருங்க. இளம் வயசுன்னா பையன்தான். என் மகளுக்கு இப்பதான் இருபது."

ராஜா மூஞ்சி சுருங்கிடுச்சு. வளைகாப்பு முடிஞ்சதும் பிரசவத்துக்குப் பொறந்த வீட்டுக்கு அனுப்புறது வழக்கம். அந்த வழக்கத்தையே பிடிச்சுக்கிட்டாரு.

"பல்லக்குல ராணி போகட்டும். பிரசவம் முடிஞ்சு அழைக்கப் போற பல்லக்கு காலியா வரட்டும்."

"என்ன சொன்னீங்க மகாராஜா?"

"காலியா வரட்டும்னேன்!"

ரெண்டாம் தடவையும் ராஜாவுக்கு அது அசட்டுத்தனமாத் தெரியல. கார்மேகத்தோட தந்திரம் அன்னைக்குப் பலிக்கல.

ராணி அழல. மந்திரியைக் கூப்பிட்டு, "பையன்தான் பொறப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு"ன்னாங்க.

"சொல்லலாம் தாயி. பொண்ணு பொறந்துட்டா?"

ராணி வயித்து மேல கையை வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாங்க.

"தெரியாததைத் தெரியும்னு சொல்றதுக்கு சபையில ஒருத்தர் இருக்காரு. ரெண்டு பேர் வேண்டாம்"னு கும்பிட்டுட்டு வந்துட்டாரு கார்மேகம். வந்தாரே தவிர, வழி ஒண்ணும் புலப்படல. மறுநாள் காலையில பாணருங்க வழக்கம்போல ராஜா புகழைப் பாடினாங்க. தினமும் கேக்குற பாட்டுதான். அன்னைக்குத்தான் கார்மேகம் காது கொடுத்துக் கேட்டாரு. நேரா சபைக்குப் போயிட்டாரு.

"வைத்தியரே, முப்பத்தஞ்சு தாண்டின தாய்க்குப் பொண்ணு மட்டும்தானா?"

"பொண்ணு மட்டும்தான்!"

"தப்பித்தவறி ஒரு பையன்?"

"பேச்சுக்கே இடமில்ல!"

"அப்போ சட்டமாக்கிடலாம் மகாராஜா. அப்படிப் பொறந்தவங்க எல்லாரும் பொண்ணுங்க. மீசை வச்சு ஏமாத்திட்டுத் திரியுறவங்க யாராவது இருந்தா, ராணியம்மா வளைகாப்புல வந்து வளையல் போட்டுக்கணும். பிரசவம் ஆகுற வரைக்கும் கழட்டக் கூடாது."

ராஜாவுக்கு உத்தரவுன்னா அல்வா சாப்பிடுற மாதிரி. விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே முத்திரை குத்தினாரு. சாயங்காலம் வர்றதுக்குள்ள கார்மேகம் ஊர் பூரா தண்டோரா போட்டுட்டாரு.

வளைகாப்பு அன்னைக்கு தளபதி, யானைப்பாகன், மல்யுத்தக்காரன்னு மீசைக்காரங்க வரிசை மண்டபத்தைத் தாண்டி நின்னுச்சு. வளையல்காரம்மா கைக்கு எண்ணெய் தடவித் தடவி ஏத்துறாங்க. வைத்தியர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாரு.

"வைத்தியரே, நீங்க வீட்டுல கடைக்குட்டிதானே? அக்கா மகனும் நீங்களும் ஒரே தொட்டில்ல தூங்கினதாப் பெருமையா சொல்வீங்களே. அப்போ உங்கம்மாவுக்கு என்ன வயசு?"ன்னு கேட்டாரு கார்மேகம்.

"அது... அது வந்து..."

"கையை நீட்டுங்க சாமி"ன்னு வளையல்காரம்மா கிண்ணத்தோட வந்துட்டாங்க.

ராஜாவுக்குச் சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி. அந்த நேரம் பார்த்து கார்மேகம் பாணர்களுக்குக் கண் காட்டினாரு. "நாற்பதிலே நரை கண்ட தாயின் நோன்பில் வந்த சிங்கமே!"ன்னு எடுத்தாங்க பாருங்க, ராஜா சிரிப்பு பாதியில நின்னுடுச்சு.

"எனக்கே வளையலா? என்னய்யா அவமானம் இது!"

"கொஞ்ச நாள் போடுறதே அவமானம்னு சொல்றீங்க. ஆயுசு பூரா போடப் போற குழந்தைன்னு நினைச்சு, வயித்துல இருக்கிறப்பவே வெளியே அனுப்பப் பார்த்தீங்களே மகாராஜா."

"என்ன சொன்னே?"

கார்மேகம் மறுபடியும் அதையே சொன்னாரு. ரெண்டாம் தடவை அது இன்னும் கனமா விழுந்துச்சு.

ராணி தட்டுலேருந்து ஒரு வளையலை எடுத்து நீட்டினாங்க. ராஜா கையை நீட்டினாரு.

பல்லக்கு போச்சு. காலியா திரும்புற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கல. வைத்தியர் பாடுதான் திண்டாட்டம். ராஜா காதுகிட்ட குனிஞ்சாப் போதும், கலகலன்னு சத்தம். "என்ன வைத்தியரே, எங்களுக்கும் சொல்லுங்க"ன்னு சபையே திரும்பிடும். எல்லாருக்கும் சொல்ற மாதிரி அவர்கிட்ட எதுவும் இருந்ததில்ல.

ராணிக்குப் பிரசவம் ஆச்சு. பொண்ணு.

"நான் அப்பவே சொன்னேனே!"ன்னு வைத்தியர் கையைத் தூக்கினாரு. கலகல. சபை சிரிச்சுது, ராஜா சிரிக்கல.

"எங்கம்மாவுக்கு அந்த வயசுல நான். இவளுக்கு இந்த வயசுல பொண்ணு. இதுல வயசு என்னய்யா பண்ணுச்சு? அது பாட்டுக்கு இருந்துச்சு. நீர் இனிமே யானைக் கொட்டடியில வைத்தியம் பாரும். அதுங்களுக்குக் காது பெரிசு."

தன் கழுத்து முத்துமாலையைக் கழட்டி மந்திரிக்குப் போட்டுட்டு, அவரையும் கூட்டிக்கிட்டு மாமனார் வீட்டுக்குக் கிளம்பிட்டாரு. பிரசவம் ஆனதும் வளைகாப்பு வளையல் எல்லாம் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குப் போகணும்ங்கிறது வழக்கம். மத்தவங்களுது கழண்டுச்சு. ராஜாவுது மட்டும் விரல் முட்டியைத் தாண்ட மாட்டேன்னுடுச்சு. குழந்தை அதைத்தான் விரலால பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. ராஜா நின்ன இடத்துலயே உத்தரவு போட்டாரு. "எனக்கு அடுத்து இந்த நாட்டை ஆளப் போறது இவதான்."

சாயங்காலம் ஆச்சு. கார்மேகம் வழக்கம்போல முத்திரையை எடுத்துக்கிட்டு வந்து நின்னாரு.

"உத்தரவை மாத்தணுமா மகாராஜா?"

"என்ன கேட்டே?"

"இல்ல... மாத்தணுமான்னு..."

ரெண்டாம் தடவை கேக்குறப்போ, மந்திரிக்கே அது கொஞ்சம் அசட்டுத்தனமாத் தெரிஞ்சுது.